கமுய்யும் பாலாறும்: கறை படிந்த மனிதர்களை வாசிப்பது பற்றி

குறையுள்ள பாத்திரங்களை வாசகர்களுக்கு ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் நம் விமர்சகர்களிடம் ஒரு தயார் பதில் இருக்கிறது: 'அவர்களும் நம்மைப் போலத்தானே!' கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த 'நம்மை' என்பதற்குள் யார் யார் அடக்கம் என்று யாரும் விசாரிப்பதில்லை. எழுத்தாளனின் படுக்கையறைக் குற்றவுணர்வும், நாளெல்லாம் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டிவிட்டுப் போகிறவன் வீட்டில் பெண்டாட்டியை அடிப்பதும் 'மனித பலவீனம்' என்ற ஒரே பொட்டலத்தில் கட்டப்படுகின்றன. மனதின் ஆழம், இருட்டு, புதிர் என்று பேசியே ஒரு தலைமுறை விமர்சனம் இங்கே காலம் தள்ளிவிட்டது. அந்தக் குறை எங்கிருந்து வந்தது, யாருக்கு அதனால் லாபம், யார் அதற்கு விலை கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் இலக்கியத்துக்கு வெளியே உள்ள சமாச்சாரம் என்று தள்ளப்பட்டன.

ஷிராதோ சன்பெய் என்ற ஜப்பானியச் சித்திரக்கதைக் கலைஞர் 1964 முதல் 1971 வரை தொடராக வெளியிட்ட 'கமுய் டென்' என்ற மங்காவை முன்வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். கமுய்யின் கதை என்று தமிழில் சொல்லலாம். (மங்கா என்றால் ஜப்பானியச் சித்திரக்கதை. 'மாங்காயா?' என்று கேட்ட தோழர்கள் உண்டு.) ஆங்கிலத்தில் தொகுதி தொகுதியாக வந்துகொண்டிருக்கிறது. ஆம்பூரில் நாங்கள் ஐந்து பேர் அதை உட்கார்ந்து வாசித்தோம். ஒரு பள்ளி ஆசிரியர், ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற ஒரு பெண், தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிற இரண்டு பேர், நான். ஆசிரியர் தமிழில் சொல்லச் சொல்ல மற்றவர்கள் படத்தைப் பார்த்தபடி கேட்டார்கள். இந்தப் புத்தகம் எங்களிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் எளிமையானது. அதன் நாயகன் செத்த மாட்டைத் தூக்கித் தோல் உரிக்கிற சனத்தில் பிறந்தவன்.

சித்திரக்கதை நமக்குப் புதுசு இல்லை. சிவகாசியிலிருந்து 1972ல் முத்து காமிக்ஸும் 1984ல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கின. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் தொங்கிய அந்தப் புத்தகங்களைக் காசு சேர்த்து வாங்கிப் படித்து வளர்ந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். இன்று தீவிர இலக்கியம் பேசுகிறவர்களில் பலர் இதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அந்தப் புத்தகங்களில் யோக்கியன் என்று பார்த்தால் ரொம்பக் குறைச்சல். முத்து காமிக்ஸின் முதல் இதழுக்கு நாயகனே இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தின் 'வேலியண்ட்' பத்திரிகையில் 1962ல் தொடங்கிய கதை அது. சோதனைக்கூட விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டேல் என்ற உதவியாளனுக்கு எஃகுக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். கை மட்டும் தெரியும். இந்த வரம் கிடைத்ததும் அவன் முதலில் இறங்கியது கொள்ளையிலும் மிரட்டலிலும்தான். ஷேவிங் மிஷினில் விரல் போனவர்கள் நஷ்டஈட்டுக்கு அலைகிற ஊரில், கை போனதாலேயே பலம் வந்தவனின் கதை எப்படிப் படிக்கப்பட்டிருக்கும் என்று யாராவது எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. 'காமிக்ஸ்தானே!'

ஆனால் மாயாவியின் கறை சீக்கிரமே கழுவப்பட்டுவிடுகிறது. எப்படி? அவன் அரசாங்கத்தின் ரகசிய உளவுப் படையில், தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த பெயரில் சொன்னால் நிழற்படையில், சேர்ந்துவிடுகிறான். குற்றச் சக்கரவர்த்தியாக அறிமுகமான ஸ்பைடரும் கொஞ்ச நாளில் நீதியின் பக்கம் வந்துவிடுகிறான். சூதாட்டம், குடி, மேலதிகாரிக்கு அடங்காத திமிர் எல்லாம் உள்ள கேப்டன் டைகர்மீது விழுந்த பழிகூட ஆயிரம் அல்லாட்டத்துக்குப் பிறகு துடைக்கப்படுகிறது. இந்தக் கதைகளில் குறை என்பது தனிமனிதன்மேல் ஒட்டிய அழுக்கு. அரசின் வேலைக்குப் போனால், சட்டத்தின் பக்கம் நின்றால், அழுக்கு போய்விடும். இந்தப் பாவமன்னிப்பு ஏற்பாட்டை நாம் ரசித்தோம். இப்போதும் ரசிக்கிறோம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

கமுய் டென்னில் இந்த ஏற்பாடு தலைகீழாகப் புரள்கிறது. 17ஆம் நூற்றாண்டு. தொகுகாவா ஷோகன்களின் ஆட்சி. ஹியோகி என்ற கற்பனைச் சமஸ்தானம். கமுய் அங்கே 'ஹினின்' எனப்பட்ட, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட சனத்தின் பையன். அடி வாங்கியே வளர்கிறான். பலம் இருந்தால்தான் விடுதலை என்று முடிவு செய்து நிஞ்ஜாவாகப் போகிறான். அதாவது ஆளுவோரின் உளவாளியாகவும் கொலையாளியாகவும். மாயாவிக்கு நிழற்படை எதுவோ அதுதான் கமுய்க்கு நிஞ்ஜாக் கூட்டம். ஆனால் மாயாவி அங்கே தூய்மையாகிறான். கமுய் அங்கேதான் கறைபடுகிறான். சேரியிலிருந்து தப்பிக்க அவன் பிடித்த ஏணியே இன்னொரு அடிமைத்தனம். அதிலிருந்தும் ஓடுகிறான். ஓடினவனைக் கொல்லாமல் கூட்டம் விடாது. பிறகு அவன் வாழ்க்கை முழுக்க ஓட்டம்தான், ஓடுகிற வழியெல்லாம் கொலைதான்.

அவனோடு இன்னும் இரண்டு இளைஞர்கள். ஷோஸுகெ, பண்ணையாளாகப் பிறந்து, எழுத்துக் கற்று, சொந்த நிலமுள்ள விவசாயியாக ஆசைப்படுகிறவன். ரியூனொஷின், சமஸ்தான அரசியல் சூழ்ச்சியில் குடும்பத்தை இழந்து, பழிவாங்க அலைகிற சாமுராய் வீட்டுப் பையன். தலை தப்பிக்க அவன் ஒளிந்து வாழ்வது ஹினின்களுக்கிடையில். மேல்சாதிக்காரன் சேரியில் ஒளிந்தால் நம் சினிமாவில் உடனே அவன் சேரிக்குத் தலைவனாகிவிடுவான். இங்கே அப்படி நடப்பதில்லை. பசியும் அடியும் அவனுக்கும் உண்டு. ஆனால் அவன் கனவில் கடைசிவரை வாள்தான் இருக்கிறது.

பெயர்தான் கமுய்யின் கதை. பக்கம் பக்கமாக, அத்தியாயம் அத்தியாயமாக, அவனையே காணோம். "இன்னா சார் இது, ஈரோவ எங்க காணோம்?" என்று தையல்காரப் பெண் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் உரம், பருத்தி, நெல் அடிக்கும் கருவி, வரி, ஏரி வெட்டு என்று கதை எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. ஷிராதோ அடிக்கடி கதையை நிறுத்திவிட்டு இந்தச் சமூகம் எப்படி இயங்கியது என்று கட்டம் போட்டு விளக்கத் தொடங்கிவிடுவார். நவீனத்துவ ரசனைக்கு இது அபச்சாரம். எங்களுக்கு அந்த இடங்கள்தான் பிடித்தன. டிரம் ஓட்டுகிற தோழர் ஒருவர் தோல் உரிக்கிற படங்களை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கத்தி பிடித்திருக்கிற தினுசு சரியாகத்தான் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹினின்களுக்கு அந்தச் சமஸ்தானத்தில் கொடுக்கப்பட்ட வேலை செத்த மாடு தூக்குவது மட்டுமல்ல. மரண தண்டனையின்போது கைவேலை செய்வது, குற்றவாளிகளைக் காவல் காப்பது, உளவு சொல்வது, விவசாயிகள் கலகம் செய்தால் தடியோடு முன்னால் நிற்பது எல்லாம் அவர்கள் வேலை. விளைந்ததில் பெரும்பங்கை வரியாகக் கொட்டுகிற விவசாயிக்கு ஒரு ஆறுதல் வேண்டும். தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்பது அந்த ஆறுதல். ஹினினுக்கும் ஒரு ஆறுதல் வேண்டும். தன்னை எட்டி உதைக்கிற விவசாயியின் கழுத்து ஒருநாள் தன் கையில் வரும் என்பது அது. கோட்டைக்குள் இருக்கிறவன் இரண்டு ஆறுதலையும் இலவசமாக வழங்குகிறான். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னாரே, ஒவ்வொரு படியிலும் இருப்பவனுக்குத் தன் கீழ்ப்படியைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது, அதனால் யாருமே மொத்த ஏணியையும் உடைக்க வரமாட்டேன் என்கிறார்கள் என்று விளக்கினாரே, அதை ஷிராதோ படித்திருந்தாரா தேவையில்லை. வரைந்திருக்கிறார்.

யோகோமெ என்று ஒரு பாத்திரம். ஹினின்களுக்குத் தலைவன், அவனும் ஹினின்தான். மேலிடத்தின் கட்டளையைக் கீழே இறக்குகிறவன். தன் சனத்தை அடக்கி வைத்தால்தான் தன் இடம் தங்கும் என்று தெரிந்தவன். இவனைக் கெட்டவன் என்று ஒதுக்கிவிட்டால் புத்தகத்தில் பாதி போய்விடும். தோல் ஷாப்பில் வேலை செய்தவர்களுக்கு இவனை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. இவன்தான் மேஸ்திரி. நம்ம காலனியிலிருந்து போனவர், நமக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், பீஸ் ரேட்டில் பைசா பிடிப்பவர், குழி கழுவ இறங்கினவன் விஷவாயுவில் செத்தால் பிணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வருபவரும் அவரே, முதலாளி கொடுத்த தொகையை எண்ணிக் கொடுத்து வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்குபவரும் அவரே. சாவு வீட்டில் உண்மையாகவே அழுபவரும் அவர்தான்.

ஷிராதோவின் வரலாற்றில் ஒரு கலப்படம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஜப்பானில் தோல் வேலை 'எதா' என்று இழிபெயரிடப்பட்ட, தங்களைக் 'கவதா' என்று அழைத்துக்கொண்ட சனத்தின் பிறப்புரிமையாகவும் பிறப்புத் தண்டனையாகவும் இருந்தது. ஹினின்கள் பிச்சை, கூத்து, காவல், தண்டனைக்களம் சார்ந்தவர்கள். இரண்டையும் அவர் ஒன்றாக்கிவிட்டார். வரலாற்றாய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் ஹோசெய் பல்கலைக்கழகப் பேராசிரியை தனக்கா யூகோ இதே மங்காவைப் பாடமாக வைத்து எதோ கால சமூகத்தை மாணவர்களுக்கு நடத்தினார். அந்த உரைகள் 2008ல் தனிப் புத்தகமாகவே வந்தன.

1871ல் மெய்ஜி அரசு ஓர் ஆணையில் இந்த இழிபெயர்களை ஒழித்தது. அதே வருஷம் செத்த மாடு குதிரையை யார் வேண்டுமானாலும் கையாளலாம் என்றும் ஆணை வந்தது. அதாவது இழிவு சட்டத்தில்தான் போனது, வாழ்க்கையில் போகவில்லை. தோலின்மீது இருந்த தனியுரிமை மட்டும் நிஜமாகவே போயிற்று. இனி தோலில் காசு இருக்கிறது என்று தெரிந்த மூலதனம் உள்ளே வந்தது. நாற்றம் பழைய ஆட்களிடமே தங்கிவிட்டது. 1922ல் கியோத்தோவில் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தை அவர்களே கட்டினார்கள். மகாத் குளத்துக்கு ஐந்து வருஷம் முன்னால்.

இதைப் படிக்கும்போது பாலாற்றங்கரை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. இங்கே சாதி இந்துக்கள் தொட மறுத்த தோலை இஸ்லாமிய வணிகர்கள் வியாபாரமாக்கினார்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் சென்னை வழியாகக் கப்பலேறியது. கைகள் பெரும்பாலும் சேரியின் கைகள். 1970களில் பச்சைத் தோலையும் பாதிப் பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபின் குரோம் பதனிடல் பெருகியது, ஷூ கம்பெனிகள் பெருகின. தொட மறுத்த சாதிகளும் முதலோடு வந்து சேர்ந்தன. இன்று ஷூ கம்பெனி வேன்கள் விடியற்காலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்ப் பெண்களை ஏற்றி வருகின்றன. வேலூர் மாவட்டம் 2019ல் மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆற்றை யாரும் பிரிக்கவில்லை, அது மேலே இருந்து கீழேதான் போகிறது.

கமுய்யை வாசித்த ஒரு ராத்திரி. தண்டனைக் களத்தில் ஹினின்கள் வேலை செய்கிற படம். டிரம் தோழர்களில் இளையவர் திடீரென்று பேசினார்: "நானும் தொறந்து உட்டுருக்கேன் சார். மழ பெய்ற ராத்திரில வால்வத் தொறக்கச் சொல்வாங்கோ. தொறக்கணும். காலைல எங்கம்மா போர்ல தண்ணி புடிக்கசொல்ல நொர வரும். அது எந்த நொரன்னு எனக்குத்தான் தெரியும்." அவ்வளவுதான் சொன்னார். யாரும் அவரைத் தேற்றவில்லை. ஆசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இந்த மனிதன் நம் எழுத்தில் எங்கே இருக்கிறான்? 1996ல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு உலகப் பிரசித்தம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாகக் காலூன்றியது நம் கழிவுநீரில்தான். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட ஆணையம் 2001ல் 186 கிராமங்களில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று கணக்கெடுத்தது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தக் கழிவிலேயே செத்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மறுபடி ஒரு விரிவான தீர்ப்பு எழுதி, கண்காணிக்கக் குழு அமைக்கச் சொன்னது. இந்த முப்பது வருஷத்து ஆவணங்களிலும் அறிக்கைகளிலும் ஆவணப் படங்களிலும் மூன்றே பாத்திரங்கள்தான்: மாசுபடுத்தியவர், பாதிக்கப்பட்டவர், அதிகாரி. வால்வைத் திறந்தவன் எந்தக் கட்டத்தில் வருவான்? அவன் பாதிக்கப்பட்டவன் என்றால் திறந்த கை யாருடையது? மாசுபடுத்தியவன் என்றால் அவன் அம்மா எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள்? சட்டத்துக்கு மூன்று கட்டம் போதும், சட்டம் அப்படித்தான் வேலை செய்யும். கதைக்கும் அது போதும் என்று நாமும் ஒத்துக்கொண்டோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வில்லனைத் தேடுகிற வாசிப்பு இந்தப் பகுதியில் ரொம்ப ஆபத்தானது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மூலதனம், ஏற்றுமதிக் கொள்கை, சாதி, ஐரோப்பியச் செருப்புக் கடையில் போட்டிருக்கும் விலை, இதெல்லாம் முகமில்லாதவை. முகம் தேடுகிற கண் கடைசியில் ஒரு தொப்பியிலும் தாடியிலும் வந்து நிற்கும். ஆற்றுக்காக அழுகிறவர்கள் மாதிரி வந்து அதை அப்படியே மதக் கணக்கில் எழுதிக்கொள்ளக் காத்திருப்பவர்கள் உண்டு. ஹியோகி சமஸ்தானத்தின் கோட்டைக்குள்ளும் தனி வில்லன் என்று ஒருவன் இல்லை. ஆளுகிறவன்கூட ஷோகனுக்குப் பயந்து நடுங்குகிறான். அதிகாரம் ஓர் ஆளிடம் குடியிருக்கவில்லை என்பதை இத்தனை ஆட்களை வரைந்து காட்ட ஒருவருக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

இங்கே தோழர்கள் சிலர் எதிர்க்கேள்வி போடுவார்கள். ஒடுக்கப்பட்டவனின் அழுக்கை ஏன் கடை விரிக்கணும்? எதிரி கையில் தடி எடுத்துக் கொடுக்கறதா? புதுக் கேள்வி இல்லை. 1994ல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது இதே கேள்விதான் சிறுபத்திரிகைகளில் எரிந்தது. பறையர் தெருவுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பம். அந்தத் தெருவே ஆரோக்கியத்தை எப்படி நடத்தியது என்று எழுதியதற்கு, தலித்துகளைத் தலித்துகளே காட்டிக்கொடுப்பதா என்று கேட்டார்கள். அன்று அப்படிக் கேட்டவர்களின் பயம் பொய்யான பயம் அல்ல. 'பாத்தியா, அவங்களுக்குள்ளேயே சாதி இருக்கு' என்று மீசையைத் தடவிக்கொண்டு சொல்ல ஆட்கள் தயாராக இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் மாசற்ற தலித், மாசற்ற தொழிலாளி என்ற பிம்பம் யாருக்குத் தேவைப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். நிதி கொடுக்கிறவருக்குத் தேவைப்படுகிறது. ஆண்டறிக்கையின் அட்டைப் படத்துக்குத் தேவைப்படுகிறது. மேடையில் 'இந்த மக்களுக்காக' என்று தொடங்குகிறவருக்குத் தேவைப்படுகிறது. 'இந்த மக்கள்' தங்களுக்குள் பேசும்போது ஒருவரை ஒருவர் மாசற்றவர் என்று சொல்லிக்கொண்டதே கிடையாது. மாசற்றவன் போராடத் தேவையில்லாதவனும்கூட. அவனுக்குக் கருணை கிடைத்தால் போதும். ஆரோக்கியத்துக்கும் கமுய்க்கும் கருணை போதாது என்பதால்தான் அந்தப் பிரதிகள் நம்மைச் சும்மா விடுவதில்லை.

ஷிராதோ இதையெல்லாம் வெளியே நின்று வரைந்தவர் அல்ல என்பதும் முக்கியம். 1932ல் பிறந்தார். தகப்பனார் ஒகமொதோ தொகி பாட்டாளி வர்க்க ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தவர், போருக்கு முந்திய போலீசால் சித்திரவதை செய்யப்பட்டவர். மகன் தெருவில் படம் காட்டிக் கதை சொல்கிறவர்களுக்கு அட்டை வரைந்து பிழைப்பைத் தொடங்கினார். கமுய் கதைக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே நகாய் கத்சுஇச்சி 1964ல் 'காரோ' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பின்னாளில் எழுதுகிறவர்களுக்குச் சன்மானம்கூடக் கொடுக்க முடியாமல் நடந்த பத்திரிகை அது. நமக்கெல்லாம் சொந்தக்காரப் பத்திரிகை என்று வைத்துக்கொள்ளலாம். சிறுவர்களையும் மனதில் வைத்துத் தொடங்கியதை வாரிக்கொண்டு போனவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். 1968, 69ன் மறியல்களுக்குப் பின்னாலிருந்து அவர்கள் கமுய்யைப் படித்தார்கள். 'வரலாற்றுப் பொருள்முதல்வாத மங்கா' என்று பட்டமும் கொடுத்தார்கள். அந்தப் பட்டம் தப்பில்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் கலகத்தைத்தான் படித்தார்கள் போலிருக்கிறது. கலகக்காரர்களைப் படித்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் முதல் பாகத்தின் முடிவு. ஷோஸுகெ விவசாயிகளையும் ஹினின்களையும் ஒரே நிலத்தில் சேர்ந்து உழைக்க வைத்தவன். கமுய்யின் அக்கா நானாவை, கட்டக்கூடாத இடத்துப் பெண்ணை, நேசித்து வாழ்ந்தவன். பெரும் கலகத்துக்குப் பிறகு பிடிபட்ட தலைவர்கள் எல்லோரும் கொல்லப்படுகிறார்கள். ஷோஸுகெயை மட்டும் உயிரோடு திருப்பி அனுப்புகிறார்கள். நாக்கை அறுத்துவிட்டு. 'மத்தவன்லாம் செத்தான், நீ மட்டும் எப்படிடா வந்தே?' என்று ஊர் கேட்கிறது. அவனால் பதில் சொல்ல முடியாது. காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லி, அவன் யாருக்காக எல்லாம் செய்தானோ அதே சனம் அவன்மேல் பாய்கிறது. கோட்டையிலிருந்து ஒரு சிப்பாய்கூட வரத் தேவைப்படவில்லை. இந்தப் பக்கங்கள் வெளிவந்தது 1971ல். அந்தக் குளிர்காலத்திலேயே ஐக்கியச் செம்படை என்ற குழு மலைக்காட்டு முகாம்களில் 'சுயவிமர்சனம்' என்ற பெயரில் தன் தோழர்கள் 12 பேரைத் தானே கொன்றது. காது கம்மல் போட்டது, ஒப்பனை செய்தது, சரியாக உட்காராதது எல்லாம் குற்றமாயின. புத்தகத்தைப் படித்திருந்தால் கொன்றிருக்க மாட்டார்கள் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. குறையே இல்லாத தோழன் வேண்டும் என்ற தாகம் எங்கே போய் முடியும் என்பதை ஷிராதோ அவர்களுக்கு ஆறு மாதம் முன்பே கட்டம் போட்டு வரைந்து கொடுத்திருந்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

கோபம் ஷோஸுகெயை அடிக்கிறவர்கள்மேல் வரவில்லை என்பது இந்த வாசிப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது. அடிக்கிறவர்களை நமக்கு ஆயிரக்கணக்கான பக்கங்களாகத் தெரியும். அவர்கள் பசி தெரியும், பிள்ளை செத்தது தெரியும், போன வருஷம் வரி கட்ட எதை விற்றார்கள் என்று தெரியும். கல்லெடுக்கிற கையை மன்னிக்கவும் முடியாது, கைவிடவும் முடியாது. அதற்குப் 'பாத்திர வார்ப்பு' என்று பெயர் வைப்பது, சவரக்கத்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பது மாதிரி.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். கதைக்குள் ஒரு வெள்ளை ஓநாய் வருகிறது, கூட்டத்தால் ஒதுக்கப்பட்ட குட்டி. ஓவியமாகப் பிரமாதம், பனியும் இரத்தமும் தூரிகையில் அப்படி விழுந்திருக்கின்றன. ஆனால் சேரிப் பையனின் கதைக்கு அருகே காட்டு மிருகத்தின் கதையை வைத்தால் ஒதுக்குதல் என்பது இயற்கையின் சட்டம் என்று அர்த்தமாகிவிடாதா? சாதி ஓநாய்க்குக் கிடையாது. கட்டம் கட்டமாகச் சமூகத்தை விளக்கியவர் இங்கே தன் விளக்கத்தையே கவிழ்த்துவிடுகிறார். பெண்கள் விஷயத்திலும் ஷிராதோ ஓர் ஆம்பளைதான். நானாவைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் ஆண்களின் பழிக்கும் கோபத்துக்கும் காரணமாக வந்து போகிறார்கள், சீரழிக்கப்படுகிறார்கள். நானாவுக்குமே பொறுமைதான் குணம். ஆண்களுக்கெல்லாம் குறையைப் பங்கு போட்டுக் கொடுத்தவர், அவளுக்கு மட்டும் ஒரு தப்புக்கூடக் கொடுக்கவில்லை. "அவ ஒரு தடவையாச்சும் பொய் சொல்லியிருக்கணும்" என்றார் தையல்காரப் பெண். சூப்பர்வைசரிடம் ஒருநாளைக்கு எத்தனை பொய் சொல்லி எத்தனை நிமிஷம் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பிறகு அவர் சொன்ன கணக்கு தனிக் கட்டுரைக்கு ஆகும்.

கொஞ்சம் பக்கங்களைத் தமிழில் செய்து பார்ப்போம் என்று ஆரம்பித்திருக்கிறோம். ஜெராக்ஸ் எடுத்து, வசனக் குமிழ்களில் வெள்ளைத்தாள் ஒட்டி, அதில் எழுதுகிறோம். விற்பதற்கில்லை, வாசிப்பதற்கு. முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டோம். ஹினின் என்பதை எப்படிச் சொல்வது? ஜப்பானியில் இரண்டு எழுத்து: 'அல்லாத', 'மனிதன்'. 'மனிதரல்லாதார்' என்றால் தத்துவ வகுப்பு மாதிரி இருக்கிறது, யாரும் யாரையும் அப்படித் திட்டமாட்டார்கள். 'தீண்டத்தகாதார்' பாடப்புத்தகச் சொல். ஆங்கிலக்காரன் இந்த மாதிரி இடத்துக்கு வைத்திருக்கிற 'பரையா' என்ற சொல் நம் ஆட்களின் பெயரிலிருந்தே போனது. ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் அதை வாங்கிப் போட யாருக்கும் மனசில்லை. மூத்த டிரம் தோழர்தான் சொன்னார்: "எதுக்கு இவ்ளோ யோசன? 'காலனி ஆளு'ன்னு போடுங்க. படிக்கிறவனுக்கு உடனே சுருக்குனு ஏறும்." 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக அறிவித்ததை ஆசிரியர் நினைவூட்டினார். சர்க்கார் எடுத்ததை நாம் உள்ளே கொண்டுவரலாமா என்றார். "எடுத்தது ஏட்டுலதான சார். பஸ்ஸுல எடுத்துட்டாங்களா?" என்று இவர் திருப்பிக் கேட்டார். பேச்சு முடியவில்லை. இப்போதைக்கு முப்பது பக்கம் வரை பென்சிலால் 'காலனி' என்று எழுதி வைத்திருக்கிறோம், ரப்பரால் அழிக்கிற மாதிரி.